'மைனர்' என்னும் பெயரடை: மூங்கில் சிறிதான கதை

இந்திய நிர்வாக ஆங்கிலத்தில் அளவைச் சுட்டும் பெயரடைகளுள் மிகுதியாக உழைத்தது எது என்று கேட்டால், 'ஸ்மால்' என்றோ 'லிட்டில்' என்றோ சொல்லமாட்டேன்; 'மைனர்' என்பேன். காட்டுத் தேனும் பீடி இலையும் மூங்கிலும் 'மைனர்' வனப்பொருள்கள். ஆற்றுமணல் 'மைனர்' கனிமம். ஏரியும் கிணறும் 'மைனர்' பாசனம். குஜராத்தின் முந்திரா 'மைனர்' துறைமுக வரிசையில் வருவது. சாமையும் வரகும் தினையும் வேளாண் அறிவியலில் நெடுங்காலமாக 'மைனர்' மில்லட்டுகள். இவற்றுட் பல எந்த அளவுகோலிலும் சிறியவை அல்ல. சுற்றுச்சூழல் வரலாறு பயிலும் மாணவர்கள் காலனிய ஆண்டறிக்கைகளின் அட்டவணைகளில் இச்சொல்லைக் காணும்போது அதை ஓர் அளவுக்குறிப்பாகவே படிக்கிறார்கள். ஆய்வேடுகளிலும் அவ்வாறே எழுதுகிறார்கள். அதனால்தான் சற்று நீளமாக இப்பதிவு.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இலத்தீனில் 'மினோர்' என்பது வெறும் 'சிறிய' அன்று. 'இன்னும் சிறிய' என்னும் ஒப்பீட்டு வடிவம். எதைவிடச் சிறியது என்ற வினா அவ்வடிவத்திற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்திற்கு வந்தபோது வடிவம் தங்கியது, ஒப்பீடு உதிர்ந்தது. 'ஸ்மாலர்' என்றால் எதைவிட என்று கேட்கத் தோன்றும். 'மைனர்' என்றால் தோன்றாது. ஒப்பிட்டவர் யார், எந்த அளவுகோலால் ஒப்பிட்டார் என்பன மறைந்து, சிறுமை பொருளின் இயல்பே போல நின்றுவிடுகிறது. நிர்வாகத்திற்கு இதைவிட வசதியான பெயரடை கிடைப்பது அரிது.

ஒரு சிறு விலகல். தமிழில் 'மைனர்' என்றவுடன் நமக்குக் கழுத்துச் சங்கிலியும் சில்க் ஜிப்பாவுமாக ஓர் ஆள் நினைவுக்கு வருகிறார். வயது நிரம்பாத ஜமீன் வாரிசுகளைக் குறித்த சட்டச்சொல்லே இப்படித் திரிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1875இன் இந்திய வயதுவரைச் சட்டம் எல்லோருக்கும் 18 வயதை எல்லையாக வைத்தது. ஆனால் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' மேற்பார்வையில் இருந்தவர்களுக்கும் நீதிமன்றம் காப்பாளர் நியமித்தவர்களுக்கும் 21. அரசின் பாதுகாப்பில் இருப்பவன் மூன்றாண்டு கூடுதலாகச் சிறியவன்! இவ்விலக்கு 1999இல்தான் நீக்கப்பட்டது. யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைக் கொண்டு ஒன்றன் சிறுமையைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டிலும் இதுவே நடக்கிறது.

1864இல் டீட்ரிச் பிராண்டிஸின் தலைமையில் பேரரசின் வனத்துறை உருவானபோது அதன் முதற்கவலை மரம். இருப்புப்பாதைக்கு அடிக்கட்டைகள் வேண்டும். தேக்கும் சாலும் தேவதாருவும் வேண்டும். 1865, 1878, 1927 ஆகிய ஆண்டுகளின் வனச்சட்டங்கள் இக்கவலையின் மேல் எழுந்தவை. துறையின் செயல்திட்டங்கள் மரத்தின் வயதைக் கொண்டு காலத்தை வகுத்தன. ஒரு சுழற்சிக்குப் பல பத்தாண்டுகள். மரம் கன அடியில் அளக்கப்பட்டது. மற்றவையோ, அதாவது அரக்கு, கடுக்காய், தேன், மெழுகு, புல், பிசின், காசுக்கட்டி, மகுவாப் பூ போன்றவை, பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஏலத்தில் கட்டிய தொகையாகவே கணக்கேறின. 'மேஜர்' வனப்பொருள் என்றால் மரமும் விறகும். 'மைனர்' என்றால் எஞ்சியவை எல்லாம். எதைவிடச் சிறியது என்ற வினாவுக்கு இங்கே விடை தெளிவு: துறையின் வருவாயேட்டில் மரம் ஈட்டிய தொகையைவிடச் சிறியது. அந்த ஏட்டளவில் அது பொய்யும் அன்று. 19ஆம் நூற்றாண்டின் வனத்துறை மரத்தால் வாழ்ந்த துறைதான்.

ஆனால் அந்த ஏடு காட்டின் ஏடு அன்று. சந்தாலும் கோண்டும் காட்டிலிருந்து எடுத்து உண்டதும், வேய்ந்ததும், வாரச்சந்தையில் உப்புக்கு மாற்றியதும் அதில் ஏறவில்லை. அறியாமையால் ஏறவில்லை என்று சொல்லவும் இயலாது. ஜார்ஜ் வாட் தொகுத்த இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் பேரகராதி 1889 முதல் வெளிவந்தபோது அதன் தொகுதிகளை நிரப்பியவற்றுள் பெரும்பகுதி இந்தச் 'சிறு' பொருள்களே. சோட்டா நாகபுரியின் அரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வினைல் வரும்வரை உலகின் இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. அந்த அரக்கின் முதன்மைக் களஞ்சியம் இந்தியா. பாதி உலகின் இசையைச் சுமந்த பொருளுக்கு வனத்துறைப் பேரேட்டில் பெயர் 'மைனர்'.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1927இன் சட்டம் 'வனப்பொருள்' என்பதை வரையறுக்கிறது. அவ்வரையறையில் பெரிது, சிறிது என்ற பிரிவினை இல்லை. இரு பட்டியல்கள் உள்ளன. காட்டிலிருந்து வந்தால் மட்டும் வனப்பொருள் ஆவன ஒரு பட்டியல். எங்கே கிடைத்தாலும் வனப்பொருள் ஆவன மற்றொன்று. மரமும் கரியும் போலவே அரக்கும் மகுவாப் பூவும் மகுவா விதையும் கடுக்காயும் இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. தன் வயல் வரப்பில் நிற்கும் மகுவா மரத்தடியில் பூப் பொறுக்குகிறவளின் கூடையிலும் வனச்சட்டம் கைவிடலாம் என்பது இதன் பொருள். கட்டுப்பாடு என்று வரும்போது இப்பொருள்கள் சிறியவையாக இருந்ததே இல்லை. உரிமை என்று வரும்போதுதான் பெயரடை நினைவுக்கு வந்தது.

விடுதலைக்குப் பிறகு நிலை இன்னும் சிக்கலாயிற்று. தெந்து இலை, அதாவது நம் ஊர்ப் பீடி இலை, பெரும் வணிகமாக வளர்ந்தபோது ஒரிசா 1961இல் அதன் வணிகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. மத்தியப் பிரதேசம் 1964இல் வணிகத்தையே அரசின் ஏகபோகமாக்கியது. இடைத்தரகரை ஒழிப்பது நோக்கம் என்றார்கள். அந்நோக்கத்தை ஐயுறத் தேவையில்லை. விளைவு வேறு. ஏப்ரல், மே மாத வெயிலில் இலை பறித்து, ஐம்பது இலைக்கு ஒரு கட்டு என்று கட்டி, ஆயிரம் கட்டுக்கு ஒரு 'தர மூட்டை' என்று கணக்குக் கொடுக்கும் ஆதிவாசி, இலையின் உடைமையாளர் என்ற இடத்தை அடையவே இல்லை; அரசிடம் கூலி பெறுபவராக நின்றார். தண்டகாரண்யத்தில் 1980களில் நக்சலிய இயக்கங்கள் வேரூன்றியதில் இலைக்கூலி உயர்வுக்கான போராட்டங்களுக்கு இருந்த பங்கு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஓர் அரசுக்கு எதிரான ஆயுதப் போராட்டத்தின் வரலாற்றில் இடம்பெறும் இலை, அவ்வரசின் கூட்டுறவு அமைப்பின் பெயர்ப்பலகையில் 'சிறு'பொருளாகவே நீடித்தது: மத்தியப் பிரதேசச் சிறு வனப்பொருள் கூட்டுறவுச் சம்மேளனம், 1984.

இந்த இடத்தில் இந்திய மொழிகள் இப்பெயரடையை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது பயனுடையது. இந்தியில் 'மைனர்' வனப்பொருள் 'லகு வனோபஜ்'. சிறு பாசனமும் 'லகு'. ஆனால் 'மைனர்' கனிமம் 'கௌண் கனிஜ்'. மராத்தியில் வனப்பொருளும் 'கௌண'. 'லகு' என்பது எடையும் அளவும் பற்றிய சொல். 'கௌண' என்பது 'முக்கிய' என்பதன் எதிர்ச்சொல். இலக்கண, மீமாம்சை நூல்களில் நேர்பொருள் ஒன்றிருக்க அதைச் சார்ந்து நிற்கும் இரண்டாம் பொருளைக் குறிப்பது. ஆங்கிலத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு பொருள்களை மொழிபெயர்ப்பாளர்கள் இப்படிப் பிரித்தெடுத்துவிட்டார்கள். தெரிந்து செய்தார்களோ, கைக்கு வந்த சொல்லை வைத்தார்களோ, கட்சிரோலியில் ஒரே மூங்கில் மராத்தி ஆவணத்தில் 'இரண்டாந்தரமானது', எல்லை தாண்டி ராஜ்நாந்த்கான் பக்கம் போனால் இந்தி ஆவணத்தில் 'சிறியது'. தமிழ் எல்லாவற்றையும் 'சிறு' என்று ஒரே கயிற்றில் கட்டியது: சிறு கனிமம், சிறு பாசனம், சிறு வன மகசூல், சிறு துறைமுகம். 'சிறுமை' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இழிவு என்ற பொருளும் உண்டு என்பதால், 'முக்கியத்துவம் குறைந்தது' என்ற நிழல் தானே வந்து சேர்ந்துவிடுகிறது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இனி, பெயரடை அரசியலமைப்புக்குள் நுழைந்த கதை. 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 இனங்களைப் பட்டியலிடுகிறது. மூன்றாவது இனம் 'மைனர்' பாசனம். ஏழாவது 'மைனர்' வனப்பொருள். எட்டாவது சிறுதொழில்கள். பெரிய பாசனமும் பெருங்காடும் பெருந்தொழிலும் இப்பட்டியலில் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து 1996இல் வந்த பேசா சட்டம். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லாததால் நம் வாசகர்களுக்கு இது அவ்வளவாகப் பழக்கமில்லை. பூரியா குழுவின் பரிந்துரைகளை அடியொற்றிப் பழங்குடிப் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரித்த சட்டம் அது. அதில் 'மைனர்' மும்முறை வேலை செய்கிறது. சிறு நீர்நிலைகளின் திட்டமும் மேலாண்மையும் ஊராட்சிக்கு. சிறு கனிமங்களுக்கு உரிமம் தரக் கிராம சபையின் அல்லது ஊராட்சியின் பரிந்துரை தேவை. சிறு வனப்பொருள்களின் உடைமை கிராம சபைக்கும் ஊராட்சிக்கும். 'உடைமை' என்ற சொல் இவ்வளவு வெளிப்படையாக இந்திய வனவரலாற்றில் அதற்கு முன் வந்ததாக நான் கண்டதில்லை. ஆனால் எது சிறியது என்று சட்டம் சொல்லவில்லை.

நாள்களைப் பாருங்கள். 1996 டிசம்பர் 12 அன்று, கூடலூர்க் காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில், 'காடு' என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 24 அன்று, பேசா சட்டமாகிறது. ஒரே மாதத்தில் நாட்டின் காடுகள் முழுவதற்கும் ஓர் அகராதிச் சொல் எல்லை வகுக்கிறது. அக்காடுகளில் வாழ்வோரின் உடைமைக்கு வரையறை இல்லாத ஒரு பெயரடை எல்லை வகுக்கிறது. முதற்சொல்லை நீதிமன்றம் விரித்தது. இரண்டாவதை மாநிலங்கள் சுருக்கின. ஒரிசா 2000இல் 69 பொருள்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டது. வருவாய் கொழிக்கும் கெந்து இலையும் மூங்கிலும் அந்த 69இல் இல்லை. வரையறை இல்லாத இடத்தில் 'மைனர்' என்பதற்கு நடைமுறைப் பொருள் இதுதான்: அரசு விட்டுக்கொடுக்க மனம் ஒப்பியது.

மூங்கிலின் கதை இந்த இடத்தில்தான் தலைகீழாகிறது. தாவரவியலில் மூங்கில் புல். 1927இன் சட்டமோ 'மரம்' என்ற சொல்லில் பனை, மூங்கில், அடிக்கட்டை, புதர்க்கட்டை, பிரம்பு அனைத்தையும் அடக்கியது. மரமானால் அது வனத்துறையின் பெரும்பொருள். காகித ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகையில், சந்தை விலைக்குத் தொடர்பில்லாத விலையில் மூங்கில் வழங்கப்பட்டதை மாதவ் காட்கில் விரிவாக எழுதியிருக்கிறார். கூடை முடைவோர் அதே மூங்கிலைத் தேடி அலைந்ததையும் எழுதியிருக்கிறார். எனவே 'மைனர்' என்ற இழிபெயரை நீக்கக் கோரியே காட்டுமக்கள் போராடியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. மூங்கிலைச் 'சிறியது' என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே கோரிக்கை. அது பெரியது, மரம், என்று வாதாடியது துறை.

2006இன் வன உரிமைச் சட்டம் அந்த வாதத்திற்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. அதன் இரண்டாம் பிரிவு 'மைனர்' வனப்பொருளை முதன்முறையாக நாடு முழுவதற்குமாக வரையறுத்தது: மரம் அல்லாத, தாவரத் தோற்றம் உடைய எல்லா வனப்பொருளும். பின்னர்ப் பெயர் சொல்லி மூங்கில், புதர்க்கட்டை, அடிக்கட்டை, பிரம்பு, தசர்க்கூடு, தேன், மெழுகு, அரக்கு, தெந்து இலை, மூலிகை, கிழங்கு என்று அடுக்கியது. தாவரத் தோற்றம் என்று தொடங்கிய வரையறைக்குள் தேனீயும் பட்டுப்புழுவும் அரக்குப்பூச்சியும் புகுந்துவிட்டதைப் பார்த்துத் தாவரவியலார் சிரிக்கலாம். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அந்தப் பட்டியலை 1927இன் 'மரம்' பற்றிய வரையறையோடு அருகருகே வைத்துப் படியுங்கள். மூங்கில், அடிக்கட்டை, புதர்க்கட்டை, பிரம்பு: காலனியச் சட்டம் 'மரம்' என்று அள்ளிக்கொண்டவற்றையே, பனை நீங்கலாக, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்ப எடுத்திருக்கிறார்கள். வரைவாளர்கள் பழைய சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆயினும் வரையறை வந்தவுடன் மூங்கில் காட்டைவிட்டு வெளியே வந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்னும் கோண்டுச் சிற்றூர், ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமைப் பட்டாவை 2009இல் பெற்றது. ஊர் மூங்கிலை வெட்டியது. விற்கப் போனபோது வனத்துறை போக்குவரத்து அனுமதிச்சீட்டுத் தர மறுத்தது. சட்டப்படி உடைமையாளர், ஆனால் தன் பொருளைச் சாலையில் கொண்டுசெல்ல உரிமையில்லாத உடைமையாளர். தேவாஜி தோஃபா போன்ற ஊர்ப் பெரியவர்களின் விடாப்பிடியான போராட்டத்திற்குப் பிறகு, 2011 மார்ச்சில் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வனப்பொருளாகவே கருதவேண்டும் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 27 அன்று மேண்டாவுக்கே சென்று அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். ஒரு நடுவண் அமைச்சர் நேரில் சென்று ஒரு புல்லைச் சிறியது என்று ஒப்புக்கொண்ட நாள் அது. 2012இல் விதிகளும் திருத்தப்பட்டன. 1927இன் 'மரம்' வரையறையிலிருந்து 'மூங்கில்' என்ற சொல் 2017இல்தான் நீங்கியது. அதுவும் காட்டுக்கு வெளியே பயிரிடுவோரை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட திருத்தம். காட்டிலுள்ள மூங்கில் 'மரம் அல்லாத தாவரம்' என்ற தலைப்பில் இன்றும் வனப்பொருளே.

பெயரை மாற்றிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. 1989இல் டி பியரும் மெக்டெர்மட்டும் தென்கிழக்காசியக் காடுகளைப் பற்றி எழுதியபோது முன்வைத்த 'மரம் அல்லாத வனப்பொருள்' என்ற தொடர் இன்று ஆய்வுலகின் வழக்கு. 'மைனர்' என்பதன் ஏளனம் அதில் இல்லைதான். ஆனால் ஒப்பீடு இருக்கிறது, அளவுகோல் அதே மரம். 2018இல் இந்திய அரசு சிறுதானியங்களைப் 'பரடான' தானியம் என்ற பழைய தலைப்பிலிருந்து எடுத்து 'ஊட்டத் தானியம்' என்று அறிவித்ததும் இவ்வகையே. நல்ல பெயர். எனினும் மேண்டா லேகாவுக்கு அனுமதிச்சீட்டை வாங்கித் தந்தது நல்ல பெயர் அன்று, கெட்ட பெயரின் நல்ல வரையறை. சட்டச்சொற்களை ஆய்வோர் இந்த வேறுபாட்டை எளிதில் கடந்துவிடக் கூடாது.

பிற 'மைனர்'களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். பாசனத்தில் 1978 வரை செலவுத்தொகையும் அதன் பின் ஆயக்கட்டும் அளவுகோல். 2,000 ஹெக்டேர் வரை சிறு பாசனம். நிலத்தடி நீர் முழுவதும் இத்தலைப்பில் அடங்குவதால், நாட்டின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் 'சிறு' பாசனமே. துறைமுகங்களில் 'மேஜர்' என்றால் நடுவண் அரசின் ஆளுகை, அவ்வளவே. ஆண்டுக்கு 15 கோடி டன்னைத் தாண்டிய முந்திரா அந்த வரிசையில் இல்லை. பெருந்துறைமுகங்களுக்கான கட்டண ஆணையத்தின் பிடி அதன்மேல் விழாததும் அதன் வளர்ச்சிக்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. சிறியவர் என்று பெயர் வாங்குவது சிலருக்கு இலாபம். மணலில் இந்த இலாபம் வெளிப்படையானது. 1957இன் சட்டம் சாதாரண மணலையும் கட்டடக் கல்லையும் 'மைனர்' என்று மாநிலங்களிடம் விட்டது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்ற நிலை இருந்தபோது, பெரிய பரப்புகள் துண்டு துண்டாகக் குத்தகைக்கு வந்தன. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாயிலை அடைத்தது. கிராம சபைக்கு உடைமையைத் தரும்போது மிகக் குறுகலாக வாசிக்கப்பட்ட பெயரடை, ஒப்பந்தக்காரருக்கு விலக்கைத் தரும்போது மிகத் தாராளமாக வாசிக்கப்பட்டது.

தெந்து இலையில் முடிக்கிறேன். 2013ஐ ஒட்டிக் கட்சிரோலியிலும் கோந்தியாவிலும் பல கிராம சபைகள் அரசின் ஏலத்திலிருந்து விலகி, தம் காட்டின் இலையைத் தாமே ஏலமிடத் தொடங்கின. கூலிக்கு மேல், விற்பனையில் கிடைத்த தொகையும் பறித்தவர்களைச் சேர்ந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களின் மடித்தட்டுக்கு வரும் இலையும் இந்த நடு இந்தியக் காடுகளிலிருந்து வருவதுதான். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது தெந்து இலைக்கு 18 விழுக்காடு விதித்தார்கள். வரி அட்டவணையில் அந்த இலைக்கு முன்னால் 'மைனர்' என்ற பெயரடை இல்லை.